கட்டைவிரல் அளவு

செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கக் கூடாது.
செவ்வாய் என்றால் அப்பாவுக்கு சௌகிட் பின்சந்து,
மூன்று சாப்பாட்டுக் கடை, ஒரு அரிசிக் கிடங்கு.
கம்பெனிச் சட்டையை வாசலிலேயே கழற்றிப்
பைக்குள் முடிந்து, இரண்டு தரம் கை கழுவி,
அதற்குப் பிறகுதான் எங்கள் செந்தூல் வீட்டில்
அவர் அப்பா.

மைலோ கலக்கி வைத்தேன்.
நுரை அடங்கும்வரை காத்திருந்தேன்.
"அப்பா, எலி வளர்க்கலாமா? ரெண்டே ரெண்டு."

திட்டவில்லை.
குவளைக்குள் பார்த்தபடி
"இன்னைக்குப் பதினேழு" என்றார்.

அம்மாவுக்கு இரவு வேலை.
"என்னைக் கேக்காதே லோஷி, அவர் சரின்னா சரி"
என்று சொல்லும்போதே
லிப்ட் அவளை மூடிக்கொண்டது.

புதன்கிழமை கணக்கோடு போனேன்.
கூண்டுக்குக் காசில்லை.
ஒன்பதாம் மாடி ஜியா வெய் திங்களன்று
படிக்க ஜொகூருக்குப் போகிறான்,
விடுதியில் எலியை விடமாட்டார்கள்.
தீனிக்கு மாதம் இருபது வெள்ளி,
தீபாவளி அங்பாவ் மிச்சம் ஏழு மாதத்துக்கு வரும்.
சாக்கடையைக் கண்ணால் கண்டதில்லை அவை,
கடையில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை.
கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கிச்சாப், தவ்ஹு...

"பேரைச் சொல்லாதே."

பிள்ளையாரை இழுத்தேன்.
"அவர் மேல ஏறி உட்கார்ந்திருக்கார்.
மடியில போட்டுக் கொஞ்சலை."

"ஒத்தையா இருந்தா நொந்துபோகும்பா,
அதான் ரெண்டு" என்றேன், கேட்காமலே.
"எனக்குத் தெரியாதா" என்றார்.
அதைச் சொன்ன குரல்
எனக்குத் தெரியாத குரலாக இருந்தது.

வியாழன் ராத்திரி கரண்ட் போனது.
இருட்டில் அவராகவே பேசினார்.

"எலிக்குப் புதுசுன்னா பயம், லோஷி.
பொறியை வச்சதும் தொடாது.
மூணு நாள் கதவைத் திறந்தே வச்சு
சும்மா தீனி போடணும்.
வரும், மோந்து பாக்கும், போயிடும்.
மறுநாளும் வரும்.
இவன் ஒண்ணும் செய்யமாட்டான்னு
நம்பணும் அது. அப்புறம் நாலாம் நாள்..."

"அப்ப, நம்புமாப்பா அது?"

கரண்ட் வந்தது.
விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.
அவர் எழுந்துபோய்
ஏற்கெனவே கழுவிய கையைக்
கழுவிக்கொண்டிருந்தார், வெகு நேரம்.

வெள்ளிக்கிழமை நான் எதுவும் கேட்கவில்லை.
ஜியா வெய்யின் இன்னொரு கூண்டைக் கொண்டுவந்து
செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வெறும் கூண்டு. கதவு திறந்தபடி.

அப்பா தாண்டிப் போனார்.
சனிக்கிழமை கால் நுனியால்
கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை, பசியாறிய கையோடு,
அதன் முன்னால் குந்தினார்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
கட்டைவிரலை விட்டுப் பார்த்தார்.
அடிவரை போனது.

"இதையா கூண்டுங்கிறான் அந்தப் பையன்?
மண்டை நுழைஞ்சா உடம்பும் நுழைஞ்சிடும்.
இத்தனை நாளா ஓடாம இருந்தது
அதுங்களோட பெருந்தன்மை."

வேலைப் பெட்டி திறந்தது.
வலை, இடுக்கி, கட்டுக்கம்பி.
பிளாட் நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்து
ஓட்டை ஓட்டையாக அடைத்துக்கொண்டு வந்தார்.
அந்த விரல்கள் அவ்வளவு மெதுவாய்ப் போகும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

சந்தைக்குப் போன எதிர்வீட்டு மக்சிக் நின்று
மலாயில் கேட்டாள், உங்கள் வீட்டிலுமா எலி என்று.

"இன்னும் இல்லை" என்றார் அப்பா.

அவள் போனபிறகு, கம்பியை முறுக்கிக்கொண்டே,
என் பக்கம் திரும்பாமல்:

"கிச்சாப் ஆணா, பொண்ணா?"

"ரெண்டுமே ஆண்."

"அதுவாவது" என்றார்.