எத்தனை பேர்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது
பெட்டியில் மூன்று சக்கரம்தான்.
நாலாவது போனது லிஸ்பனில்,
ஏணி மாதிரி நிமிர்ந்த ஒரு தெருவில்.
அதோடு ஏழு நாடு இழுத்தேன்.

ஆபீசில் கேட்டார்கள், எப்படி இருந்தது?
நல்லா இருந்துச்சு என்றேன்.
அறுபத்தெட்டு நாளை
அந்த இரண்டு வார்த்தைக்குள் மடித்து வைப்பது
பெட்டி அடுக்குவதைவிடச் சுலபம்.
சாக்லேட் எடுத்துக்கொண்டார்கள்.
கேஷியர் தெய்வநாயகம் மட்டும்
பயமா இல்லையா என்றார்,
பதிலுக்கு நிற்காமல்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இருந்தது.
க்ராகோவில் காய்ச்சல் வந்த ராத்திரி
எட்டுப் பேர் தூங்கும் அறையில்
மேல்கட்டிலில் கிடந்து நினைத்தேன்:
செத்துப்போனால் இவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?
போனில் கடைசியாகப் பேசிய எண்
மஞ்சக்குப்பம் கேஸ் ஏஜென்சி.
சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல்.
கீழ்க்கட்டில் பெண், எந்த ஊரோ,
ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி
பாதியை என் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு
விடியுமுன் ரயிலுக்குப் போய்விட்டாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது.
என் பெயரை அங்கே யாராலும் சொல்ல முடியாது.
பாஸ்போர்ட்டில் அமலோற்பவம் என்று பார்த்ததும்
ரிசப்ஷன் பையன்கள் மூச்சை இழுத்துக்கொள்வார்கள்,
கிணற்றில் குதிக்கப் போகிறவர்கள் போல.
அமல் என்றார்கள். அம்லோ என்றார்கள்.
ப்ராக்கில் வெறும் மேடம் ஏ.
ஏ-வாக இருப்பது எவ்வளவு லேசு
என்று உங்களுக்குத் தெரியாது.
ஏ-வுக்குக் கல்யாணம் ஏன் நின்றது
என்று அங்கே யாரும் கேட்கவில்லை.
ஏ ஒரு ஏரியில் இறங்கினாள்,
நாற்பத்தாறு வயதில், சுடிதாரோடு,
ஸ்லோவேனியாவில், பச்சைத் தண்ணீரில், கழுத்து வரை.
தேவனாம்பட்டினத்தில்
கணுக்காலுக்கு மேல் கடலைத் தொடவிட்டதில்லை நான்.

பதினோரு நாள் தமிழ் பேசவில்லை.
பன்னிரண்டாம் நாள், டிரியெஸ்டில்,
காசை விழுங்கி, துணியை விழுங்கி,
கதவைத் திறக்க மாட்டேன் என்ற வாஷிங் மெஷினிடம்
ஏய், குடுத்துடு, மரியாதையா குடுத்துடு
என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.
அப்பாவின் ஆஸ்பத்திரி பில் வரை போய்விட்டேன்.
லாரி டிரைவர் மாதிரி ஒருவர்
போர்வை மடித்தபடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
நான் முடித்ததும் எழுந்து வந்து
மெஷினுக்கு ஒரு உதை விட்டார்.
திறந்தது.

ஓட்டல் வாசலில் எல்லா மொழியிலும் ஒரே கேள்வி.
எத்தனை பேர்?
முதல் வாரம் அதற்குப் பயந்தே
பூங்கா பெஞ்சில் ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும்.
அப்புறம் ஒன்பது மொழியில் 'ஒன்று' கற்றேன்.
கொலோனில் அதுவும் மறந்து விரலைக் காட்டினேன்.
கட்டை விரலும் கூடவே நீண்டிருக்க வேண்டும்.
இரண்டு கேக் வந்தது.
அங்கே எண்ணிக்கை கட்டை விரலில் தொடங்குகிறதாம்.
எதிரே காலி நாற்காலி முன்னால் ஒரு தட்டு,
ஒரு முள்கரண்டி, அழகாக மடித்த காகிதம்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
அழுதேனா என்றால், ஆமாம், கொஞ்சம்.
பிறகு தட்டை என் பக்கம் இழுத்து
அதையும் தின்றேன்.
முதலாவதைவிட அதுதான் ருசி.

இன்று சனிக்கிழமை.
லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஓட்டலில் நுழைந்தேன்.
இந்த ஊரில் தனியாக மேசையில் உட்கார்ந்து
நான் சாப்பிட்டதே இல்லை,
எப்போதும் பார்சல்தான், அதுவும் ஓரமாக நின்று.
தண்ணீர் டம்ளர்களைக் கொத்தாகப் பிடித்தபடி
பையன் கேட்டான்: அக்கா, எத்தனை பேரு?
கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.
அவனும் தூக்கிக் காட்டினான், பல் தெரிய,
இன்னிக்கி எல்லாமே சூப்பர்க்கா, உக்காருங்க என்று
நாலு டம்ளரையும் வைத்துவிட்டுப் போனான்.