மூன்றாம் எண்

பகலில் பல் செய்கிறேன்.
கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
மருத்துவமனையின் பின்னறையில்,
அடுத்தவர் வாயில் நாளை சிரிக்கப்போவதை
இன்று மெழுகில் இழைக்கிறேன்.
இரவில் அதே மேசை, அதே விளக்கு,
அதே குடைமுள்.
ஒரு விமானம்.

இல்லாத விமானம்.
இந்தப் பதினெட்டுத் தீவுகளுக்கு
விமானப்படை கிடையாது.
இருந்திருந்தால் என்கிற ஒற்றைச் சொல்லை
நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி
ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியில் வந்தது பயணிகள் விமானம்,
டென்மார்க்கில் யாரோ பாதி ஒட்டிக் கைவிட்டது,
பசை வழிந்த இறக்கையோடு.
முதல் வேலை சன்னல்களை அடைப்பது.
பக்கத்துக்கு இருபத்தாறு.
புட்டி தடவி, காயவிட்டு, நீர்த்தாளால் தேய்த்து
ஒவ்வொருவராகப் பயணிகளை இறக்கிவிட்டேன்.
கடைசிச் சன்னலில் கொஞ்சம் தயக்கம்.
யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ராடாருக்கு ஒரு தாடை வேண்டும்.
பல்செட்டுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் வார்த்தேன்.
வண்ணம் ஏறும்வரை, மூன்று நாள்,
அந்த விமானத்துக்கு ஈறு இருந்தது.
நீர்மூழ்கியின் இரும்பை முகர
வாலுக்குப் பின்னால் நீளும் காந்தமானி
என் மனைவி ரன்வோவின் பின்னல் ஊசி.
கேட்காமல் எடுத்தது.
ஒரு கையுறை முடித்துவிட்டு
மற்றதற்கு இன்னும் ஊசி தேடுகிறாள்.
ஒலிமிதவைகள் விழ வயிற்றில் நாற்பது துளை,
கடைவாய்ப்பல் குடையும் முள்ளால்.
குனிந்து கடல் பார்ப்பவருக்கு
வெளியே புடைத்த கண்ணாடி வேண்டும்:
என் இரத்த அழுத்த மாத்திரை அட்டையில்
திங்கட்கிழமையின் குமிழ்.
திங்கட்கிழமையை விழுங்கிவிட்டு வெட்டினேன்.

எந்தச் சாம்பல் என்பதில் ஒரு வாரம் போனது.
வண்ணம் தோய்த்த கரண்டியைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவதற்குள்
கடல் மாறிவிடுகிறது.
எந்தக் கடலோடும் ஒத்துப்போகாத ஒரு சாம்பலில்
கடைசியில் சமாதானமானேன்.
சின்னமும் நானேதான்:
வெள்ளை வட்டத்துக்குள்
சிப்பி பிளக்கும் பறவையின் சிவப்பு அலகு.
வாலில் எண், 3.
ஏன் மூன்று?
எழுத அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச்சில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கண்காட்சி.
படகுகள் நாற்பது, விமானம் ஒன்று.
சால்மன் பண்ணையில் மோட்டார் பார்க்கும் சுன்வோ
குனிந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு,
"ஒன்றும் இரண்டும் எங்கே?" என்றாள்.
"இரண்டு, எஞ்சின் மாற்ற நிற்கிறது."
பட்டென்று வந்துவிட்டது.
"ஒன்று?"
"வரவில்லை."

இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு
யாரும் எதுவும் கேட்பதில்லை.
அவளும் கேட்கவில்லை.
தொப்பியை மட்டும் கழற்றினாள்.

இரவு தூக்கமில்லை.
சொன்னதற்குக் கணக்குக் கொடுக்க உட்கார்ந்தேன்.
பிப்ரவரி. வடமேற்குக் காற்று.
கரை திரும்பாத வலைப்படகு ஒன்றைத் தேடிப் போனது.
உள்ளே ஒன்பது பேர்.
ட்ரோந்துர் என்று எழுதினேன்.
அஞ்சல் வண்டி ஓட்டுகிறான். அடித்தேன்.
எய்டுன்.
நேற்றுதான் அவருக்குக் கீழ்த்தாடை அளவெடுத்தேன்.
பியர்னி.
பிறந்து ஆறு வாரம், மேல்வீட்டில் அழுகிறான்.
ஐயாயிரம் பேர் உள்ள ஊரில்
மூழ்கடிக்கத் தோதாக
ஆளில்லாத பெயர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.
மிச்சமிருந்தது என்னுடையது.
ஹானுஸ். பார்வையாளர். இடது சன்னல்.
மற்ற எட்டு வரியும் வெறுமை.

விடிவதற்குள்
பற்காரை சுரண்டும் கொக்கியை எடுத்து
மூன்றின் இரண்டு வளைவையும் சுரண்டினேன்.
அந்த இடத்தில் ஒரே கோடு, 1.
இப்போது படையில் மொத்தமே ஒரு விமானம்.
இன்னும் பறக்காதது.
யாரும் எங்கும் தொலையவில்லை.

ஆனால் விளக்கைச் சாய்த்தால்
வார்னிஷுக்கு அடியில்
பழைய வளைவு தெரிகிறது.

எய்டுனின் பல் வியாழனுக்குள் முடிய வேண்டும்.
ரன்வோவுக்கு ஊசி வாங்க வேண்டும்.
கடையில் சுன்வோ எதிர்ப்பட்டால்
என்ன சொல்ல?
தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொள் என்றா?