பதினொரு மீட்டர்

ஸ்வாகோப்முண்டில் மதுக்கடைகள் மூடியபின்
பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.
பழுப்புப் புட்டி, பச்சைப் புட்டி,
கழுத்துடைந்தது, லேபிள் கிழியாதது.
தனித்தனியே பிரிக்கவேண்டும்,
கலந்து உருக்கினால் ஆறும்போது விரிசல் விடும்.
"பாலையிலிருந்து ஒரு கைப்பிடி மணலும் வேண்டாம்,
குடித்துவிட்டு எறிந்த மணல் போதும் எனக்கு"
என்பாள் யொஹான்னா கோவாசெஸ்.

ஊருக்கு வடக்கே, கடல் மணக்கும் தூரத்தில்
கல்பாசி வெளி.
மழையை அது அறியாது.
விடியலில் மூடுபனி வந்து தொட்டால்
சாம்பல் புரண்டு படுத்து
ஆரஞ்சாகும், பச்சையாகும்.
ஒன்பது மணி வெயிலில் மறுபடி சாம்பல்.
ஒன்றுமில்லாத இடம் என்பார்கள்.
ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான்
நானும் அன்று ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பத்தொன்பது வருடமாயிற்று.
பக்கத்து இருக்கையில் அவள், மடியில் அச்சுக்கான மெழுகு.
வெயில் ஏறுமுன் போயாக வேண்டும்.
சுற்றிப் போனால் நாற்பது நிமிடம்,
குறுக்கே பத்து.
"போ" என்றாள்.
சக்கரத்தடியில் காய்ந்த ரொட்டி நொறுங்கும் சத்தம்.

அந்தக் கண்ணாடிக் கல்பாசி
விண்ட்ஹுக்கில் பரிசு வாங்கியது.
மூச்சு பட்டால் உடைந்துவிடும் என்பதுபோல்
குனிந்து பார்த்தார்கள்.
'தொடாதீர்கள்' என்றொரு அட்டை இருந்தது, அதன் பக்கத்தில்.

அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தோம், தடம் இருந்தது.
அவள் தங்கைக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து,
அந்தப் பிள்ளை பள்ளியை முடித்தது,
போய்ப் பார்த்தோம்.
இரண்டு கோடுகள்,
நேற்றுத்தான் யாரோ போனதுபோல.

இப்போது அச்செடுப்பதில்லை.
சாலையோரம் முக்காலி போட்டு
பைனாகுலரில் பார்க்கிறாள், மணிக்கணக்காக.
பார்த்ததை மட்டும் உலைக்குக் கொண்டுவருகிறாள்.
சூளையின் முள்ளைக் கவனிப்பது என் வேலை.
ஐந்நூற்று நாற்பது டிகிரியிலிருந்து
நான்கு நாள், மெல்ல மெல்ல இறக்கவேண்டும்.
"வண்டி ஓட்டுறப்ப இந்தப் பொறுமை எங்க போச்சு?"
என்று சிரிப்பாள்.
பாதியில் நின்றுவிடும் சிரிப்பு.

இந்த வருடம் அவள் செய்தது டயர்த் தடம்.
பியர்ப் புட்டியின் பழுப்பில்,
பள்ளமும் வரியும் பிசகாமல்,
பதினொரு மீட்டர்.
சுவரில் வேண்டாம், மேடையில் வேண்டாம்,
வாசலிலேயே, தரையில்.
மண்டபக் காவலாளி ஹைம்பிலி பதறிப்போனார்:
"யாராச்சும் மிதிச்சுட்டா?"
"மிதிப்பாங்க."

மிதித்தார்கள். இரண்டாம் நாள்,
போனில் பேசியபடி வந்த ஒரு சுற்றுலா ஏஜென்ட்.
அதே சத்தம்.
எனக்கு மட்டும் வயிறு சுருண்டது.
அவள் துடைப்பத்தைத் தேடவில்லை,
சில்லுகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

கூட்டம் கலைந்தபின் சுவரட்டையைப் படித்தேன்.
பொருள்: புட்டிக் கண்ணாடி.
செய்தவர்கள்: யொஹான்னா கோவாசெஸ், லாசரஸ் நனுசெப்.

என் பெயர் அட்டையில் வருவது இதுதான் முதல்முறை.
மரியாதையா, புகாரா?
கேட்கவில்லை.
திரும்பும்போது
சுற்றுப்பாதையில் ஓட்டினேன்,
நாற்பது நிமிடம்,
இருவரும் பேசாமல்.