இரண்டுக்குப் பூஜ்யம்

கூடைப்பந்து அணியின் நூற்றாண்டு மலருக்காகப்
பழைய ஸ்கோர் தாள்களைக் கணினியில் ஏற்றுகிறேன்.
அயோவாவில் ஜனவரி. ஜன்னலில் பாதிக்குமேல் பனி.

முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு
எல்லோருமாகச் சேர்ந்து பதினெட்டுப் புள்ளி.
போர்க்காலத்தில் ஐந்து பேர் தேறவில்லை;
பல் மருத்துவத் துறையில்
ஒருவரைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.
ஓர்வில் ஷ்லாட். போன இடமெல்லாம்
ஃபவுல் வாங்கியே வெளியேறியிருக்கிறார்.
வாழ்க அவர் முழங்கைகள்.

அப்புறம் 1957 பிப்ரவரி, மிசூரியில் ஆட்டம்.
தோல்வி. இரண்டுக்குப் பூஜ்யம்.

அந்த இரண்டை யாரும் போடவில்லை.
எதிரணி களமிறங்காவிட்டால்
விதிப்புத்தகமே போட்டுக்கொள்ளும் கூடை அது.
காரணம் என்ற கட்டத்தில்
பயிற்சியாளர் ஹால்வர் ப்ரெக்கியின் கிறுக்கல்:
'சாலையில் பனி.'

வானிலைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அன்று அந்தப் பக்கம் நல்ல வெயில்.

தாளின் பின்னால், துருவேறிய குண்டூசியில்
இரண்டு சீட்டுகள்.
ஒன்று, அங்கே விடுதியில் கொடுத்தது:
பத்து ஆட்டக்காரர்களுக்கு அறை உண்டு,
கறுப்பன் லவெல் ஹேர்ஸ்டனுக்கு இல்லை,
அரங்கத்திலும் அப்படித்தான்.
மற்றது, எல்லை தாண்டி இந்தப் பக்கம்
கியோகக்கில் ஒரு சாலையோரக் கடை ரசீது.
ஹாம்பர்கர் இருபத்தாறு.
ஆப்பிள் பை பதினான்கு.
தேதி அதே. நேரம் இரவு எட்டேகால்,
ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம்.

மலரின் ஆசிரியர் தோளுக்குமேல் எட்டிப் பார்க்கிறார்.
"இரண்டா? ஒரு ஆறு விட்டுப்போச்சா பாருங்க."
"இல்லை, இரண்டுதான்."
"பனியா?"
ம், என்கிறேன்.

ஓட்டுநரையும் சேர்த்தால்
பேருந்தில் பதின்மூன்று பேர்.
யாரோ
இன்னொரு பை கேட்டிருக்கிறார்கள்.