எந்தக் கிளை மண்

எண் பதினேழு
காடாம்புலியூர்ச் செம்மண்ணில்
கை எட்டாத உயரம்.
அதே பதினேழு
இராசாப்பேட்டை மணலில்
என் இடுப்பைத் தாண்டவில்லை.
கடலுக்கு முதுகு காட்டிக்
குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது.

இரண்டும் ஒரே தாய்மரத்து முந்திரித் தண்டு.
ஒரே காலையில் ஒரே கத்தியால் சீவி
பாலித்தீன் நாடா சுற்றியவள் நான்தான்.
அன்று எனக்குக் காய்ச்சல்.
கை நடுங்கியதையும் குறிப்பேட்டில் எழுதினேன்,
அதுவும் சூழல்தானே.

நாற்பத்தெட்டு ஒட்டுக்கன்றுகள்.
மரபில் முடியளவும் பேதமில்லை.
கண்ணில் படும் வேற்றுமை முழுக்க
மண், உப்புக்காற்று,
வேலி தாண்டி வந்த யாருடையதோ ஆடு.
'முழுக்க' என்பதைப் பிறகு அடித்துவிட்டேன்.
ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்
பெயர் தெரியாத ஏதோ கொட்டையில் முளைத்தது.
மேலே பதினேழு, கீழே யாரோ.

அடுத்த பாத்தியில் கதை நேர்மாறு.
ஊர் ஊராய்ப் பொறுக்கிய விதைகள்,
ஒரே ஆழக் குழி, ஒரே உரம், ஒரே நாள் தண்ணீர்.
ஒன்றில் பழம் சிவப்பு, ஒன்றில் மஞ்சள்.
ஒன்று நான்கு வருடமாகப் பூக்காமல்
சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
இதையெல்லாம் மரபின் கணக்கில் எழுதச் சொன்னார்
புள்ளிவிவரம் பார்க்கும் தயாபரன்.

எல்லாம் கலந்து நட்ட மூன்றாம் தோப்புக்குக்
கணினி ஓர் எண் தந்தது.
கொட்டை எடையின் வேறுபாட்டில்
நூற்றுக்கு நாற்பத்தைந்து மரபு.

முந்திரிப்பால் பட்டுத் தோலுரிந்த விரலால்
ஒரு மரத்தைத் தொட்டு
அஞ்சலாட்சி கேட்டாள்:
"அப்போ இதுல எந்தக் கிளை மரபு,
எந்தக் கிளை மண்ணு?"

தயாபரன் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் வீட்டில் தினமும் கேட்கிற கேள்வி அது.

சுடர்விழிக்குப் பதினான்கு முடிகிறது.
மூன்று வயது இளையவள் பூங்கோதை
அவளை உயரத்தில் தாண்டிவிட்டாள்.
"உங்க அம்மா வீட்டு வாகு"
என்கிறாள் நாத்தனார்.
தானே புயல் அடித்தபோது
சுடர்விழிக்குப் பத்து மாதம்.
தோப்பு முழுக்க ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடந்தது.
எனக்குப் பால் வற்றியது,
கடையில் பால் வரவில்லை,
நிவாரணச் சோற்றைக் குழைத்து ஊட்டினேன்.
அதற்குப் பிறகு அவளுக்கு வயிற்றுப்போக்கு,
எத்தனை வாரம் என்று எண்ணவில்லை.
மரத்துக்கென்றால் எண்ணியிருப்பேன்.

பேருந்தில் திரும்பும்போது
பண்ருட்டி தாண்டித்தான் உறைத்தது.
நாற்பத்தைந்து எந்த மரத்துடையதும் அல்ல,
தோப்புடையது.
அடுத்த தோப்பில் அது வேறு எண்.
எல்லார் வீட்டிலும் பால் வாங்க முடிகிற ஊரில்
மரபின் பங்கு ஏறும்.
பாதி வீட்டில் மட்டும் என்றால் இறங்கும்.
நூற்றுக்கு நூறும் மரபு என்று ஓர் ஊர் இருந்தால்
அங்கே எந்தப் பிள்ளையும் பசித்திருக்காது,
இல்லையென்றால் எல்லாப் பிள்ளையும்
ஒரே அளவு பசித்திருக்கும்.
எண்ணைப் பார்த்து
எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

இதை நாத்தனாரிடம் சொல்லவில்லை.

பள்ளியிலிருந்து உடல்நலப் படிவம் வந்தது.
உயரக் குறைவு: பரம்பரை, ஊட்டக் குறைவு.
இரண்டு கட்டம்.
நடுவிலிருந்த கோட்டின் மேல் டிக் போட்டேன்.
மறுநாள் திரும்பி வந்தது, சிவப்பு மையில்
'தெளிவாகக் குறிப்பிடவும்.'

சொல்ல மறந்தேன்,
செம்மண்ணில் கடைசியாக நின்ற எண் ஒன்பதுதான்
இராசாப்பேட்டை மணலில் முதலில் காய்த்தது.

ஞாயிற்றுக்கிழமை, சில்வர் பீச்.
கபடி.
தன்னைவிட உயரமான ஐந்து பேருக்குக் கீழே புகுந்து
சுடர்விழி
கோட்டைத் தொட்டுவிட்டாள்.