பதினோராவது கூரை

முன்பணம் கேட்கவில்லை.
வாரம் முப்பத்தைந்து மணி நேரம் கேட்டார்கள்.
பீச் பழம் பொறுக்கும் கொட்டகையில்
பகலெல்லாம் நின்ற கால்
மாலையில் ஏணி ஏறியது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி:
பதினொரு வீடும் முடியும்வரை
எவர் கையிலும் சாவி கிடையாது.
கையெழுத்துப் போட்ட அன்று
நல்ல வரியாகத்தான் பட்டது.

ஆகஸ்டில் என் வீடு முடிந்துவிட்டது.
குழாயில் தண்ணீர், சுவரில் வெளிர்மஞ்சள்,
வாசலில் பூட்டு.
நானும் பிள்ளைகளும் இன்னும்
ஏசி செத்துப்போன டிரெய்லரில்,
துலாரே வெயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டு.

கடைசி வீடு எவரிஸ்தோவுடையது.
ஜூலையில் சாரத்திலிருந்து விழுந்தான்.
மணிக்கணக்குத் தாளில்
அவன் பெயருக்கு நேரே
பூஜ்யம், பூஜ்யம், மறுபடி பூஜ்யம்.
சுவர் எழும்பிய வீடு
தலையில்லாமல் நின்றது.

திட்டினேன்.
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு,
பிள்ளைகளுக்குக் கேட்காமல்.

ஒரு சனிக்கிழமை
நான்காம் வீட்டு மாய் சியோங்
தன் ஒன்பது மணி நேரத்தை
அவன் வரிசையில் எழுதினாள்.
மேற்பார்வையாளர் லாய்ட்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“இதற்கு விதி இல்லையே” என்றார்.
மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.
“கூடாது என்றும் விதி இல்லை.”

அடுத்த வாரம் நானும் ஏறினேன்.
சாவிக்காகத்தான்.
பாசம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
தார்த்தகடு கொதித்தது,
முழங்கால் வெந்தது,
கீழே நாற்காலியில், இடுப்பில் பட்டையோடு
எவரிஸ்தோ ஆணிகளைப் பிரித்து டப்பாக்களில் போட்டான்.
ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.
நான் ஆணி கேட்டால் மட்டும்
சரியான அளவு வந்தது.

அக்டோபரில் சாவி.
தவணை முப்பத்துமூன்று வருஷம்,
டிரெய்லர் வாடகையைவிட நூற்றுப்பத்து டாலர் குறைவு.
கடைசித் தவணை கட்டும்போது
எனக்கு எழுபத்தாறு.
இருந்தால்.

முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை.
எந்தச் சுவரை யார் நிமிர்த்தியது என்று
இருட்டில் எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
என் கை பட்ட சுவர் இரண்டே இரண்டு.

சமையலறை அலமாரிக் கதவு
தப்பான பக்கம் திறக்கிறது,
ஃப்ரிட்ஜில் போய் இடிக்கிறது.
எவரிஸ்தோ மாட்டியது,
விழுவதற்கு முந்தின வாரம்.
ஞாயிறுதோறும் வந்து நிற்கிறான்,
ஸ்க்ரூடிரைவரோடு:
“கழற்றி மாற்றிவிடட்டுமா?”

முதலில் இடுப்பு சரியாகட்டும் என்கிறேன்.
சரியாகிவிட்டது.
போன மாதமே.
இருவருக்கும் தெரியும்.