நான்கு வினாடி

பாலைவனத்தின் நடுவே
உப்புக்கு ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து
உறிஞ்சி எடுக்கும் உவர்நீரில்
லித்தியம் எவ்வளவு என்று கேட்பார்கள்.
கேட்டதைச் சொல்ல எனக்குச் சம்பளம்.

அப்படியே ஊட்டினால் கருவிக்குத் தொண்டை அடைத்துவிடும்.
ஆயிரம் பங்கில் ஒரு பங்காகத்
தண்ணீருக்குள் அதைத் தொலைக்க வேண்டும்.
பேச்சு நீர்த்துப்போனால் யாரும் மதிப்பதில்லை;
இது நீர்த்தால்தான் பேசும்.
பதினோரு வருடம் இந்தக் கட்டைவிரலால்
அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன்,
இரவுக்கு நூற்றிருபது குப்பி.
தூக்கத்திலும் போர்வையை அழுத்துகிறாய் என்பான் ஹெனாரோ.

மார்ச்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை வந்தது.
அந்தோஃபகஸ்தாவிலிருந்து அதைக் கூட்டிவந்த பையன்
எவாரிஸ்தோ, மலையேறிய தலைவலியோடு
கோக்கா இலைத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னான்:
"அளவு மீறினால் அதுவே கண்டுகொள்ளும்,
அதுவே மறுபடி தண்ணீர் சேர்க்கும்.
நீங்கள் உட்கார்ந்திருக்கலாம், செஞோரா எர்மிந்தா."

இரண்டு வாரம்
ஒரே குப்பிகளை அதுவும் அளந்தது, நானும் அளந்தேன்.
அதன் எண்கள் என்னுடையவற்றைவிடக் குறைவு.
கொஞ்சம்தான், நூற்றுக்கு மூன்று.
பதினேழாம் கிணற்றில் ஐந்து.
சந்தோஷப்பட்டேன். மறைக்கவும் இல்லை.

கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தேன்.
அவசரக் கை.
உவர்நீர் தேனுக்குத் தூரத்துச் சொந்தம்,
குழாய்க்குள் ஏறிவர நேரம் கேட்கும்.
முழுதும் ஏறுமுன்னே இது கிளம்பிவிடுகிறது
வாயில் ஒரு காற்றுக்குமிழியோடு.

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"
"காத்திருப்பேன்."
"எவ்வளவு?"
தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை.
அவன் கைபேசியில் வினாடிகள் ஓட
உறிஞ்சினேன், நின்றேன், எடுத்தேன்.
நான்கு.
மறுபடி நான்கு.
பத்தாவது முறையும்.
திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 4 என்று தட்டினான்.
பதினோரு வருடத்துக்கு
அவ்வளவு இடம் போதுமாக இருந்தது.

எண்கள் சேர்ந்துகொண்டன.
பிறகுதான் வரைபடத்தில் இன்னொன்று தெரிந்தது:
ராத்திரி மூன்று மணிக்கு மேல்
என் புள்ளிகள் மட்டும்
பட்டி திறந்துவிட்ட லாமாக்கள் போலச் சிதறுகின்றன.
அதனுடையவை வரிசையில் நிற்கின்றன.
எவாரிஸ்தோ பக்கத்தைக் கீழே தள்ளினான், மெதுவாக,
பார்க்காதவன் மாதிரி.
"அச்செடு," என்றேன். "கோப்பில் வை."

அவன் கடற்கரைக்கு இறங்கிப்போய் ஒரு மாதம் ஆகிறது.
இப்போது மணி மூன்று இருபது.
கை தனியே போய்வருகிறது.
ஒவ்வொரு குப்பிக்குள்ளும் நின்று
என் நான்கை எண்ணிவிட்டு எழுகிறது.
நான் வெளியே வந்து நிற்கிறேன்.
குளிரில் பல் கிட்டுகிறது.
ஆவியாகிக்கொண்டிருக்கும் குளங்கள் நிலாவில்
பச்சை என்றும் சொல்ல முடியவில்லை, நீலம் என்றும்.
பைக்குள் கட்டைவிரல் சாவிக்கொத்தை
அழுத்துகிறது, விடுகிறது.

உள்ளே பீப் என்கிறது.
குழாய்முனைப் பெட்டி காலியாகியிருக்கும்.
யாராவது போய் நிரப்ப வேண்டும்.